சுண்ணாம்புக்குக் கீழே

சுவர் வெள்ளையாக இருந்தது.

விவசாயிகள் சங்கக் கட்டடத்துக்குள் கால் வைத்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். எடை மேடை இருந்தது. விதை மூட்டைகள் இருந்தன. மருந்தடிக்கும் பம்புகள் ஆணிகளில் தொங்கின. எல்லாம் அதனதன் இடத்தில். நீளச் சுவரில் மட்டும் ஒன்றுமே இல்லை. அம்மா வரைந்து வைத்திருந்த வாய்க்கால், வயல்கள், வீடுகள், ஆட்கள் எல்லாம் ஈரச் சுண்ணாம்புக்குள் முழுகிப் போயிருந்தன.

ஏணி மேல் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, ஓரமா நில்லுங்க. தெறிக்கும்."

"யாரு அடிக்கச் சொன்னது?"

"தலைவர்தான். அம்மா படத்தை மாட்டணுமாம். பின்னால கசகசன்னு இருந்தா எடுப்பா இருக்காதுன்னார்."

தலைவர் என்றால் அவளுடைய அண்ணன். போன வாரம் அண்ணனும் தங்கையும் போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டது. இறந்துபோன அம்மாவின் நினைவுக் கூட்டத்துக்கு அண்ணன் நோட்டீஸ் அடித்திருந்தான். ‘சங்கத் தலைவரின் தாயார்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, அம்மாவின் பெயரை அதற்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தான். "உன்னைப் பெத்தது ஒண்ணுதான் அவ செஞ்ச வேலையா?" என்று கேட்டுவிட்டு அவள் நகரத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். கூட்டத்துக்கு வர மாட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்தாள். காலை முதல் பஸ்ஸிலேயே வந்தாள்.

அந்தப் படம் எதிர்ச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆள் உயரப் பேனர். ஏதோ கல்யாணப் புகைப்படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வெட்டு. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கை இல்லை.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நானும் எத்தனையோ சுவரைப் பார்த்திருக்கேன்க்கா," என்றான் வெள்ளையடிக்கிறவன். "இப்படி அடங்காத சுவரைப் பார்த்ததில்ல. அடிக்க அடிக்க வழுக்கிட்டு வருது. அதான் அடுத்த கைக்குப் பசை கலந்துடலாம்னு தலைவர் சொல்லிட்டார். மத்தியானத்துக்குள்ள பசை வந்துடும்."

அவள் சுவரருகே போனாள். விரல் நுனியால் சுண்ணாம்பைத் தொட்டாள். எச்சில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு நீலக் கீற்று எட்டிப் பார்த்தது. வாய்க்கால்.

அவள் நகரத்தில் பஸ்களுக்கு வண்ணம் அடிப்பவள். எனாமல் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. ஈரம் இருக்கும்போதே தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போய்விடும். பசை கலந்து ஒரு கை அடித்துக் காயவிட்டால் அப்புறம் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டினால் வெள்ளையோடு அம்மாவும் வந்துவிடுவாள்.

மத்தியானம் வரைக்கும் நேரம் இருந்தது.

"ஏணியை விட்டு இறங்குப்பா. நான் வர்ற வரைக்கும் தொடாதே."

"தலைவர் கேட்டா?"

"தலைவரோட தங்கச்சி சொன்னான்னு சொல்லு."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குக் காது சுட்டது.

அந்தச் சுவர் அழகுக்காக வரைந்ததில்லை. தண்ணீர்ச் சண்டையில் பிறந்தது. வாய்க்கால் ஒன்று, வயல்கள் நிறைய. தலைமடைக்காரன் வயிறு முட்டக் குடிப்பான். கடைமடைக்காரி வானத்தைப் பார்ப்பாள். ஒருநாள் மண்வெட்டியை ஓங்கியதில் ஒருவருக்குக் காது கிழிந்தது. மறுவாரம் அம்மா டிராக்டர் பட்டறைக்குப் போய் அடித்தது போக மிச்சமிருந்த எனாமல் டப்பாக்களையெல்லாம் வாரிக்கொண்டு வந்தாள். டிராக்டர் சிவப்பு, கலப்பை நீலம், விதைப்புப் பெட்டி மஞ்சள். சங்கச் சுவரில் வாய்க்காலை முதலிலிருந்து கடைசி வரைக்கும் இழுத்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் முறை தெரிய வேண்டும் என்று மடைக்கு மடை ஒரு அடையாளம் வைத்தாள். எட்டிப் பார்க்கிற சூரியன் என்றால் காலை முறை. உச்சிச் சூரியன் என்றால் மத்தியானம். நிலா என்றால் ராத்திரி.

எல்லா வீடும் வரைந்தாள். கதவுகளை மட்டும் வரையவில்லை.

"உங்க கதவை நீங்களே வந்து பூசுங்க," என்றாள். "நாளைக்கு, என் முறை எனக்குத் தெரியாதுன்னு எவனும் வாயைத் திறக்கக் கூடாது."

ஆளாளுக்கு வந்து பூசினார்கள். கோணல் மாணலாக. ஒருத்தர் தன் வீட்டுக்கு மட்டும் இரட்டைக் கதவு போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் தண்ணீருக்காக யாரும் யார் காதையும் கிழிக்கவில்லை.

அம்மாவுக்கு முகம் வரைய வராது. முகமெல்லாம் ஒரே முட்டை. ஆனால் நிற்கிற நிலையிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். கோழிப்பண்ணைக்காரர் ஒரு காலில் பாரம் போட்டு நிற்பார். கடைமடைக்காரி இடுப்பில் கை வைத்துச் சண்டைக்குத் தயாராக நிற்பாள். களை வெட்டுகிறவர்கள் முதுகைக் காட்டி வரிசையாக நிற்பார்கள். எல்லார் மண்வெட்டியும் வலது தோளுக்கு மேலே, ஓரத்து ஆளின் மண்வெட்டி மட்டும் இடது தோளுக்கு மேலே. அந்த ஓரத்து ஆள் அப்பா. இடதுகைக்காரர். நடுவில் நிறுத்தினால் பக்கத்து மண்வெட்டியோடு மோதும் என்று அவரை எப்போதும் ஓரத்தில்தான் விடுவார்கள். அம்மா அதைக்கூட விட்டுவைக்கவில்லை.

யார் வீட்டில் யார் நோயில் படுத்துக்கொண்டாலும் அந்த வயலுக்குக் களை வெட்ட வரிசை திரட்டிக்கொண்டு போவது அம்மாதான். கதிரடிக்கும் மிஷினை எல்லோரும் சேர்ந்து வாங்க வைத்தது அம்மா. கிளி விரட்டத் தகர டப்பாவில் காற்றடித்தால் சிறகடிக்கிற பருந்து செய்து வயலுக்கு வயல் நட்டது அம்மா. அதைப் பார்த்துக் கிளிகள் பயந்தனவோ இல்லையோ, வாத்தியார் ஒருத்தர் பயந்து சைக்கிளிலிருந்து விழுந்தார்.

இத்தனையும் செய்தவள் ‘தலைவரின் தாயார்’.

வீட்டுக் கூடத்தில் அண்ணன் கண்ணாடி முன் நின்று புதுச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான். அண்ணி பிளாஸ்க்குகளில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அண்ணி நீட்டிய டம்ளரை இடது கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

"வந்துட்டியா பாப்பா," என்றான் அண்ணன், கண்ணாடியைப் பார்த்தபடியே. "நல்லது. முன்வரிசையில உனக்கு நாற்காலி போட்டிருக்கு."

"நாற்காலி இருக்கட்டும். சுவர் எங்கே?"

"அங்கேதான் இருக்கு."

"அண்ணா, விளையாடாதே. அம்மாவுக்குக் கூட்டம் போடறேன்னு சொல்லி அம்மா கையை அழிச்சுட்டு, அவ மூஞ்சியைத் தூக்கி மாட்டறே. உனக்கே அசிங்கமா இல்ல?"

"சுவர் அழுக்கா இருந்துச்சு."

"அழுக்கா?"

"பெரிய சங்கத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. நமக்குப் புதுக் கிடங்கு வேணும்னு கேட்டிருக்கோம். அவங்க வந்து உட்கார்ற இடம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா?"

"நம்ம சங்கத்தை நிக்க வெச்சதே அந்தச் சுவர்தான். அம்மா இல்லன்னா நீ எதுக்குத் தலைவர்? நம்ம வீட்டுக் கோழிக் கூண்டுக்கா?"

"வாயை அளந்து பேசு."

"அளந்துதான் பேசறேன். அளக்காமப் பேசினா நீ தாங்க மாட்டே."

அண்ணி பிளாஸ்க் மூடியைத் திருகினாள். "ஏங்க. உண்மையைச் சொல்லிடுங்களேன்."

"நீ சும்மா இரு."

"சும்மாதானே இருந்தேன், இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து. பீரோ எதுக்கு அந்த மூலையில நின்னுச்சுன்னு அவகிட்டச் சொல்லுங்க. கிடங்கு, கிடங்குன்னு எதுக்குச் சுத்தி வளைக்கணும்?"

அண்ணன் காலர் பட்டனைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

பீரோ. சங்கத்தின் இரும்பு பீரோ. அண்ணன் பொறுப்புக்கு வந்த வருஷம் அதைச் சுவரின் கோடி மூலைக்கு நகர்த்தினான். வெள்ளையடிப்பதற்காக இப்போதுதான் அங்கிருந்து எடுத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். மறந்திருந்தாள். அல்லது மறக்கிற அளவுக்கு அது அவளுக்குப் பெரிய விஷயமாக இல்லை.

சுவர் வரைந்த மறுவருஷம், ஒரு ராத்திரி, யாரோ முறை தவறி வாய்க்கால் கரையை வெட்டிவிட்டார்கள். நிலா முறை கடைமடைக்காரியுடையது. விடிந்தபோது அவளுடைய நாற்றங்கால் காய்ந்து கிடந்தது. நனைந்து கிடந்தது அம்மாவின் வயல். ஆட்கள் கூடினார்கள். அம்மா தானே முன்னால் வந்தாள். "நனைஞ்சிருக்கிறது எங்க வயல். வெட்டினது எங்க வீட்டு ஆள்தான்," என்றாள். தன் வீட்டு நாற்றில் பாதியைக் கடைமடைக்காரிக்குப் பிடுங்கிக் கொடுத்தாள். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரின் கோடியில், நிலாவுக்குக் கீழே, கரையை வெட்டுகிற ஒரு ஆளை வரைந்தாள். முதுகைக் காட்டி நிற்கிற ஆள். சிவப்புச் சட்டை.

அந்த வருஷம் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தது அண்ணன் ஒருத்தன்தான்.

"எல்லாருக்கும் கதவு குடுத்தா," என்றான் அண்ணன். கண்ணாடியிலிருந்து இப்போதுதான் திரும்பினான். "எனக்கு மண்வெட்டி குடுத்தா. பள்ளிக்கூடத்துல செவப்புச் சட்டை. சந்தையில செவப்புச் சட்டை. என் கல்யாணத்துல ஒருத்தன் மைக்குல சொன்னான், செவப்புச் சட்டை மாப்பிள்ளைக்கு வாழ்த்துகள்னு. மண்டபமே சிரிச்சுது. இவளைக் கேளு."

அண்ணி தலையை ஆட்டினாள்.

"நீயும்தான் கூப்பிட்டே, பாப்பா."

கூப்பிட்டிருந்தாள். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரைக்கும் அவன் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நான் வெட்டலைன்னு சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன். ஒருத்தரும் நம்பல. அந்தச் சட்டைகூட என்னோடது இல்ல, அப்பாவோட பழசு. அம்மாகிட்ட அழுதுட்டே போய்க் கேட்டேன், எதுக்கும்மா என்னை வரைஞ்சேன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? ‘போய் நல்லாப் பாரு’ன்னா. அவ்வளவுதான். நல்லாப் பாருவாம். அந்தக் கண்றாவியை நான் எதுக்குப் பார்க்கணும்? இன்னிக்கு வரைக்கும் அந்தப் பக்கம் நான் திரும்பினதில்ல."

அப்பா டம்ளரை ஜன்னல் மேடையில் வைத்தார். எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக வெளியே போனார். அவர் எப்போதும் இப்படித்தான். வீட்டில் குரல் உயர்ந்தால் அவருக்கு மாட்டைப் பார்க்க வேண்டிய வேலை வந்துவிடும்.

தங்கையின் கோபம் குறையவில்லை. ஆனால் எந்தப் பக்கம் நிற்பது என்று அதற்குக் குழப்பம் வந்துவிட்டது.

"சரி. அந்த ஒரு ஆளை விட்டுடறேன்," என்றாள். "மத்ததைக் கழுவ விடு. மத்தவங்க கதவு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணைக் கழுவினா எல்லாத்தையும் கழுவுவாங்க. கழுவினா எல்லாரும் நேரா அந்த மூலைக்குத்தான் போவாங்க. இன்னிக்கு ஒரு நாளாவது அந்தச் சபையில நான் தலைவரா நிக்கணும், பாப்பா. நான் பசை வாங்கப் போறேன். கூட்டத்துக்கு நல்லபடியா வந்து உட்காரு. இல்ல, பஸ் இருக்கு."

மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

அண்ணி பிளாஸ்க்குகளை வரிசையாக வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"பசை விக்கிறவன் கடையை மத்தியானம்தான் திறப்பான்," என்றாள். "அவர் திரும்பி வர நேரம் ஆகும். வாளி கிணத்தடியில இருக்கு. பழந்துணி வேணும்னா அத்தையோட பெட்டியில இருக்கு."

"அண்ணி?"

"என்ன அண்ணி? என் புருஷனை நான் விட்டுக்குடுக்கல. அந்த மூலையை நீ தொட்டேன்னா உன் கையை ஒடிப்பேன். ஆனா என் கதவும் அந்தச் சுவர்ல இருக்கு. நான் வந்த வருஷம் அத்தை என் கையில பிரஷ்ஷைக் குடுத்து, ‘இந்த வீட்டுக் கதவுல பாதி இனிமே உன்னோடது, பூசு’ன்னாங்க. என் அம்மா வீட்டுல கூட யாரும் எனக்குக் கதவு குடுத்ததில்ல."

இரண்டு பேரும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முதல் வாளித் தண்ணீர் சுவரில் விழுந்ததும் வெள்ளையடிக்கிறவன் பீடியைக் கீழே போட்டான்.

"காலையில அடிச்சதை மத்தியானம் கழுவறீங்க. நல்ல குடும்பம்தான்க்கா!"

"உன் கூலிக்குக் குறைச்சல் இல்ல. அந்த ஏணியைப் பிடி."

வெள்ளைத் தண்ணீர் கால்களுக்கு நடுவே ஓடியது. துணியை வட்டமாகச் சுழற்றாமல் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தாள். பஸ்ஸைக் கழுவும்போது அப்படித்தான். நீலம் வந்தது. மஞ்சள் வந்தது. எட்டிப் பார்க்கிற சூரியன் எட்டிப் பார்த்தது. களை வெட்டுகிற வரிசை முதுகு முதுகாக வந்தது. துணியைப் பிழியும்போதெல்லாம் அவளுக்குப் பேனரின் மேல் கண் போயிற்று. கை இல்லாத அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள்.

வாடகை நாற்காலிகளை இறக்க வந்த கோழிப்பண்ணைக்காரர் ஒரு நாற்காலியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"ஏய்! அது என் கதவு! எவன்டா என் கதவுல சுண்ணாம்பு அடிச்சது?"

"உங்க தலைவர்தான்," என்றாள் அண்ணி.

"உங்க தலைவரா? உன் வீட்டுக்காரன்தானே?"

"வீட்டுல புருஷன். இங்க தலைவர். இங்க நடக்கிறதுக்கு நீங்கதான் ஓட்டுப் போட்டீங்க."

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து வாளியில் முக்கினார். அது புதுத் துண்டு; கூட்டத்துக்காகப் போட்டு வந்தது. தன் இரட்டைக் கதவை நோக்கி ஒரு காலில் பாரம் போட்டு நடந்தார்.

அதற்குப் பிறகு சேதி தானாகவே பரவியது. கடைமடைக்காரி வந்தாள். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. இடுப்பில் கை வைப்பது மட்டும் மாறவில்லை.

"கும்பிட்டவளையே வெள்ளையடிச்சு மூடற காலமாப் போச்சு," என்றாள். "அவ இல்லன்னா கடைமடைக்குத் தண்ணி ஏது? நகருடி, அதை நான் துடைக்கிறேன். அது நான் பூசினது. நீ துடைச்சா எனக்கு ஆறாது."

யாருக்கும் யாரும் சொல்லவில்லை. அவரவர் தன் கதவிடம் போனார்கள். அடுத்தவர் கதவைத் துடைக்கப் போனவரை வீட்டுக்காரர் துரத்தினார். ஒருத்தி தன் கதவு இருந்த இடம் தெரியாமல் தேட, வாய்க்கால் வழியே விரலால் நடந்து போய்க் கண்டுபிடித்தாள். பேச்சும் திட்டுமாகச் சங்கக் கட்டடம் சந்தைபோல் ஆகிவிட்டது.

கோடி மூலை மட்டும் வெள்ளையாக இருந்தது. அதன் முன் அண்ணி நின்றிருந்தாள்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். அண்ணன் பசை டப்பாவோடு வாசலில் நின்றான். சுவரைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். கடைசியில் தங்கையைப் பார்த்தான்.

"தலைவரே," என்றார் கோழிப்பண்ணைக்காரர். "அம்மா வரைஞ்ச சுவர்னு நீங்க நினைச்சிருக்கலாம். கதவு எங்களோடது. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருக்கணும்," என்றான் அண்ணன். "தப்புதான். உங்க கதவு உங்ககிட்டயே இருக்கட்டும். நான் பசை கலக்கல. நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. அந்த மூலையை விட்டுடுங்க."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "செவப்புச் சட்டை," என்று ஒரு குரல் முணுமுணுத்தது.

தங்கை துணியை வாளியில் வீசினாள். தண்ணீர் தெறித்தது.

"யாரு சிரிச்சது? முன்னால வாங்க. வர மாட்டீங்க. எங்க அண்ணன் பண்ணினது தப்பு. அதை மூஞ்சிக்கு நேரா நான் கேட்டாச்சு. அதுக்காக, மீசை முளைக்காத வயசுல நடந்ததை வெச்சு அவனை இன்னும் எத்தனை வருஷம் கிள்ளுவீங்க? வரைஞ்சவளே போய்ச் சேர்ந்தாச்சு. அந்த மூலையை எவரும் தொடக் கூடாது. தொட்டா இந்தப் பசையை நானே கலந்து சுவர் பூராவும் அடிப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் அவளைப் பார்த்தான். கூப்பிட வாயெடுத்தான். அப்போதுதான் கூட்டம் விலகியது.

அப்பா உள்ளே வந்துகொண்டிருந்தார். சட்டை மாற்றியிருக்கவில்லை. இடது கையில் ஒரு பழந்துணி. அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்தது. வழியில் இருந்த வாளியில் அதை முக்கினார். பிழியவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட நேராகக் கோடி மூலைக்குப் போனார்.

"மாமா," என்றாள் அண்ணி. "அதை வேண்டாம்."

"நகரும்மா."

"அப்பா, விட்டுடுங்க," என்றான் அண்ணன். "பேசி முடிச்சாச்சு."

"நீங்க பேசி முடிச்சீங்க."

அப்பா துடைக்கத் தொடங்கினார். மெதுவாக, மேலிருந்து கீழே. முதலில் நிலா வந்தது. பிறகு வாய்க்கால் கரை. பிறகு சிவப்பு. பீரோவுக்குப் பின்னால் வெயில் படாமல் இருந்ததால் அந்தச் சிவப்பு நேற்று அடித்ததைப் போல இருந்தது. குனிந்த முதுகு. அகட்டி வைத்த கால்கள். ஓங்கிய மண்வெட்டி.

துணியை இழுக்கும் கைக்குப் பக்கத்திலேயே அது துடைத்துக்கொண்டிருந்த ஆள் நின்றான்.

தங்கைக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஏதோ ஒன்று கண்ணை உறுத்தியது. பஸ்ஸின் பக்கவாட்டில் கோடு ஒரு நூல் பிசகினால் உறுத்துமே, அப்படி. திரும்பிக் களை வெட்டுகிற வரிசையைப் பார்த்தாள். மறுபடி மூலையைப் பார்த்தாள்.

மண்வெட்டி இடது தோளுக்கு மேலே இருந்தது.

முகத்தை முட்டையாக வரைந்தவள் தோளில் தப்பு விட மாட்டாள். அவள் வரைந்தது சரியாகத்தான் இருந்தது. பார்த்தவர்கள் சட்டையைப் பார்த்தார்கள். அதற்கு மேல் யாரும் பார்க்கவில்லை.

அப்பா துணியைக் கீழே போட்டார். ஒரு ஓரமாக விலகி நின்றார். வரிசையில் எப்போதும் நிற்கிற மாதிரி.

"நல்லாப் பாருடா," என்றார்.

அண்ணன் பார்த்தான். பசை டப்பா இன்னும் அவன் கையில் இருந்தது. சுவரில் இருந்த தோளைப் பார்த்தான். சொட்டிக்கொண்டிருந்த அப்பாவின் இடது கையைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று தங்கை காத்திருந்தாள். அது வருவதற்கு வழி தெரியாமல் எங்கோ நின்றுவிட்டது.

கடைமடைக்காரியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

"அண்ணே," என்றாள். "நீயா? நான் இத்தனை காலமும் இந்தப் பிள்ளையையா வஞ்சேன்?"

அப்பா சொட்டும் கையைச் சட்டையில் துடைத்தார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான் அண்ணன்.

"வரைஞ்சது அவதானே."

"தெரிஞ்சுமா?" அவன் அப்பாவை நோக்கி ஒரு அடி வைத்தான். "தெரிஞ்சுமா என்னை ஊர் சிரிக்க விட்டா?"

அந்தக் கேள்வி தங்கையின் மேல் வந்து விழுந்தது. காலையிலிருந்து அம்மாவுக்காக எல்லோர் மேலும் கோபப்பட்டுக்கொண்டிருந்தவள் அவள். கடைமடைக்காரிக்கு நாற்றைப் பிடுங்கிக் கொடுத்த அம்மா, கதவை நீங்களே பூசுங்கள் என்ற அம்மா, ஊர் முழுக்க முறை வகுத்த அம்மா. பெற்ற பிள்ளையிடம் போய் ‘நல்லாப் பாரு’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்ட அம்மா. முதல் தடவையாக அவளுக்கு அம்மாவின் மேலேயே கோபம் வந்தது. கேட்க ஆள் இல்லை. பேனரைப் பார்த்தாள். அது சிரித்தது.

வெளியே கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம். பெரிய சங்கத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். வெள்ளையடிக்கிறவன் அவசரமாக ஏணியை மடக்கினான். யாரோ ஈர நாற்காலிகளைத் துடைத்தார்கள். பேனரை மாட்டலாமா என்று யாரோ கேட்டார்கள். மாட்டச் சொல்ல ஆள் இல்லை. அது சாய்ந்தபடியே இருந்தது.

அண்ணன் பசை டப்பாவை எடை மேடையில் வைத்தான். கூட்டத்துக்காகப் போட்டிருந்த மேடையில் ஏறினான். புதுச் சட்டையில் சுண்ணாம்பு தெறித்திருந்தது. மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கொரகொரத்தது. கூட்டம் அடங்கியது.

அப்பா சுவரோரமே நின்றார், சிவப்புச் சட்டைக்குப் பக்கத்தில். போகவில்லை. இந்தத் தடவை அவருக்கு மாட்டைப் பார்க்க வேண்டிய வேலை எதுவும் வரவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றான் அண்ணன். "இன்னிக்கு எங்க அம்மாவைப் பத்திப் பேசறதுக்காகக் கூப்பிட்டிருந்தேன்."

அங்கே நிறுத்தினான். அவன் கண் மேடையிலிருந்து மெதுவாக இறங்கி, கூட்டத்தைத் தாண்டி, கோடி மூலைக்குப் போய் நின்றது.